ஸ்போர்ட் குவாட்களுக்கான லாங் டிராவல் ஃபிரேமும் சஸ்பென்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடுமுரடான தரையில் வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்யப்படும், ஹேண்டில்பார் கொண்ட நான்கு சக்கர வண்டிகளான ஸ்போர்ட் குவாட்களுக்குத் தனி ஃபிரேம் (வண்டியின் சட்டகம்) கட்டுவதும், அதற்கேற்ற சஸ்பென்ஷனை அமைத்துக் கொடுப்பதும் என் வேலை. வண்டியைக் கொண்டுவருபவர்களும், வெல்டிங் தெரிந்து தாங்களே செய்து பார்க்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நான் நேரில் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சுமை இழுக்கும் பெரிய ஏ.டி.வி. வண்டிகளுக்கு இவற்றில் பல பொருந்தாது.

லாங் டிராவல் என்றால் சரியாக என்ன?

சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலைக்கும், ஷாக் (சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கும், ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்ட பாகம்) முழுவதும் அழுந்திய நிலைக்கும் இடையே சக்கரத்தின் மையம் மேலும் கீழுமாக நகரும் தூரத்தை டிராவல் என்கிறோம். இது ஷாக்கின் நீளமும் அல்ல, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் தூரமும் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்போர்ட் குவாட்களில் தாராளமான டிராவல் உள்ளதாகக் கருதப்படும் யமஹா ஒய்.எஃப்.இசட். 450ஆர் வண்டியில் முன்புறம் சுமார் 25 செ.மீ., பின்புறம் சுமார் 28 செ.மீ. இருக்கிறது. அந்த அளவை வண்டியின் அகலத்தை வரம்பு மீறிக் கூட்டாமல், சக்கரத்தின் கோணங்களைக் கெடுக்காமல் கூட்டுவதற்காகச் செய்யப்படும் மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்தே லாங் டிராவல் என்ற பெயரால் குறிக்கிறோம்.

அந்தச் சில சென்டிமீட்டரால் அப்படி என்ன கிடைத்துவிடும்?

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் இறங்கும் குவாட், தரையைத் தொடும் கணத்தில் மணிக்கு ஏறத்தாழ 19.5 கி.மீ. வேகத்தில் கீழ்நோக்கி வருகிறது. அந்த வேகத்தை 25 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் புவியீர்ப்பைப் போல் சராசரியாக 6 மடங்கு தணிப்பு தேவைப்படும். 30 செ.மீ. கிடைத்தால் அது 5 மடங்காகக் குறைகிறது. ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதோடு, தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் சக்கரம் தரையை விட்டு எழாமல் பள்ளத்துக்குள் இறங்கிச் செல்ல இடம் இருந்தால்தான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும் என்பதால், கீழ்நோக்கித் தொங்கும் டிராவலும் மேல்நோக்கி அழுந்தும் டிராவலைப் போலவே முக்கியமானது.

நீளமான ஷாக் வாங்கிப் பொருத்தினால் போதாதா?

போதாது. பல நேரங்களில் அது ஆபத்தானதும்கூட. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், என் சொந்த வண்டியிலேயே ஏ-ஆர்ம்களை (முன்சக்கரத்தை ஃபிரேமோடு இணைத்து மேலும் கீழும் ஊசலாடும் A வடிவக் கைகளை) மாற்றாமல் 3 செ.மீ. நீளமான ஷாக்குகளைப் பொருத்திப் பார்த்தேன். நிறுத்தி வைத்திருந்தபோது வண்டி உயரமாக, கம்பீரமாகத் தெரிந்தது. ஆனால் சக்கரம் காற்றில் தொங்கும்போது, மேல் ஏ-ஆர்மின் பால் ஜாயின்ட் (குவளைக்குள் குண்டு திரும்பும் மூட்டு) அது திரும்பக்கூடிய கோணத்தின் எல்லையைத் தாண்டிச் சென்று, அதன் தண்டு குவளையின் விளிம்பில் நெம்புகோலைப் போல அழுந்திக்கொண்டிருந்தது. சில நாள் ஓட்டத்துக்குப் பின் கழற்றிப் பார்த்தபோது தண்டின் கழுத்தில் பிறை வடிவத்தில் ஒரு தேய்மானம் இருந்தது. இன்னும் சில குதிப்புகளில் அது முறிந்திருக்கும், முன்சக்கரம் கையோடு வந்திருக்கும். அன்றிலிருந்து எந்த வண்டியிலும் ஷாக்கைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

நீளமான ஷாக் சக்கரத்தைக் கூடுதலாகக் கீழே தள்ளுமே தவிர, அது மேலே ஏறுவதற்கான இடத்தைத் தானாக உருவாக்காது. வண்டி உயர்ந்து, கவிழும் வாய்ப்பு கூடும், சக்கரக் கோணங்கள் மாறும், பால் ஜாயின்டுகள் திணறும். டிராவலை நிர்ணயிப்பவை ஏ-ஆர்மின் நீளமும், அது ஃபிரேமில் எந்த இடத்தில் ஊசலாடுகிறது என்பதும்தான். ஷாக் அந்த ஊசலாட்டத்துக்கு அடங்கிய ஒரு பாகம்.

அகலமான ஏ-ஆர்ம்களைப் போட்டால் சரியாகிவிடுமா?

ஓரளவு சரியாகும், பலருக்கு அதுவே போதுமானது. கடைகளில் "+2 +1" என்று குறிப்பிடப்படும் ஏ-ஆர்ம்கள், ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தை 2 அங்குலம் வெளியேயும் 1 அங்குலம் முன்னேயும் நகர்த்துபவை. 2004-இல் வந்த யமஹா ஒய்.எஃப்.இசட். 450 சுமார் 46 அங்குல அகலம் கொண்டது. அதில் இவற்றைப் பொருத்தினால், மோட்டோகிராஸ் (குதிப்புகள் நிறைந்த மண் தடப் பந்தயம்) குவாட்களில் வழக்கமான உச்சவரம்பான 50 அங்குலத்தை வண்டி எட்டிவிடும். "+2 +1" அளவு பிரபலமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றிலும் இருவகை உண்டு என்பதை வாங்குவதற்கு முன் கவனியுங்கள். பழைய நீளத்திலேயே உள்ள ஷாக்கை ஏற்கும்படி செய்யப்பட்டவை ஒருவகை. ஷாக்கின் கீழ்முனை ஏ-ஆர்மின் குழாய்களுக்கு இடையே தாழ்வாக அமரும்படி செய்யப்பட்டு, அதனால் நீளமான ஷாக்கை வண்டியின் உயரம் கூடாமலேயே ஏற்பவை இன்னொரு வகை. இரண்டாவதுதான் லாங் டிராவல் ஏ-ஆர்ம். இவ்விரண்டின் ஷாக்குகளையும் மாற்றி மாற்றிப் பொருத்த முடியாது.

அப்படியானால் ஃபிரேமையே ஏன் புதிதாகக் கட்டுகிறார்கள்?

வண்டியின் மொத்த அகலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. பந்தய விதி ஒருபுறம் அதை விதிக்கிறது, மரங்களுக்கு இடையே போகும் பாதை மறுபுறம் விதிக்கிறது. வெளிப்புறம் நீட்ட முடியாதபோது ஏ-ஆர்மை நீளமாக்க ஒரே வழி, அதன் உள்முனையை வண்டியின் நடுக்கோட்டை நோக்கி நகர்த்துவதுதான். அந்த உள்முனையைத் தாங்கும் பிவட்டுகள் ஃபிரேமில் வெல்டு செய்யப்பட்டவை என்பதால் ஃபிரேமின் முன்பகுதியையே குறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது.

பிவட்டிலிருந்து பால் ஜாயின்ட் வரை 38 செ.மீ. நீளமுள்ள ஏ-ஆர்ம், கிடைமட்டத்திலிருந்து மேலே 20 பாகையும் கீழே 20 பாகையும் ஊசலாடினால் அதன் நுனி சுமார் 26 செ.மீ. நகர்கிறது. பிவட்டை 5 செ.மீ. உள்ளே தள்ளி, ஏ-ஆர்மை 43 செ.மீ. ஆக்கினால் அதே 40 பாகைக்குள் 29.4 செ.மீ. கிடைத்துவிடுகிறது. பால் ஜாயின்ட் பழைய கோணத்துக்குள்ளேயே நிற்கிறது, வண்டியின் அகலம் ஒரு மில்லிமீட்டரும் கூடவில்லை. நீளமான ஏ-ஆர்மின் நுனி வரையும் வளைவு தட்டையானது என்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் உரசி நகர்வதும் குறைகிறது. நேர்ப்பாதையில் மேடுபள்ளங்களின் மேல் போகும்போது ஹேண்டில்பார் அமைதியாக இருப்பதை முதல் ஓட்டத்திலேயே கைகளில் உணரலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஃபிரேமின் முன்பகுதி வழியாகத்தான் ஸ்டீயரிங் தண்டு இறங்குகிறது, ரேடியேட்டரும் அங்கேதான் இருக்கிறது. குறுக்கிக்கொண்டே போனால் டை ராடின் (ஸ்டீயரிங் தண்டிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின்) உள்முனைகளுக்கு இடமில்லாமல் போய்விடும். அந்த உள்முனைகளின் இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பம்ப் ஸ்டீர் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

தனி ஃபிரேமுக்கு இன்னொரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஹோண்டா தன் டி.ஆர்.எக்ஸ். 250ஆர் வண்டியை 1986 முதல் 1989 வரை மட்டுமே தயாரித்தது. அதன் பின்னரும் அந்த வண்டியைக் கைவிட மனமில்லாத பந்தய ஓட்டுநர்களுக்காகச் சிறு பட்டறைகள் புதிய ஃபிரேம்களைக் கட்டத் தொடங்கின. ஃபிரேமைப் புதிதாகக் கட்டுவதானால் பிவட்டுகளைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காலப்போக்கில் அதே வடிவ ஃபிரேம்களில் மோட்டோகிராஸ் பைக்குகளின் 450 சி.சி. எஞ்சின்களும் ஏறின. தொழிற்சாலைகள் தாமாகவே 450 சி.சி. ஸ்போர்ட் குவாட்களை 2004 வாக்கில் கொண்டுவரும் வரை, வேகமான குவாட் வேண்டியவர்களுக்கு அதுவே பாதையாக இருந்தது.

குரோமோலிக் குழாய்தான் வேண்டுமா?

பந்தய ஃபிரேமுக்கு நான் 4130 வகைக் குரோமோலியை மட்டுமே பயன்படுத்துகிறேன். அதில் சுமார் 0.3 சதவீதம் கார்பனும், 1 சதவீதம் குரோமியமும், 0.2 சதவீதம் மாலிப்டினமும் இருக்கின்றன. சாதாரண இரும்புக் குழாயைவிட வளைந்துபோகாமல் தாங்கும் வலிமை இதற்கு அதிகம். ஆனால் விறைப்பு அதிகம் என்று பலர் நம்புவது தவறு. விறைப்பைப் பொறுத்தவரை எல்லா எஃகு வகைகளும் ஏறக்குறைய ஒன்றே. குரோமோலி என்பதற்காகக் குழாயின் சுவரை மிக மெல்லியதாக்கினால் ஃபிரேம் உடையாமல் நெளியும். நெளியும் ஃபிரேமில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் அது சரியாக வேலை செய்யாது. எடையைக் குறைக்க வேண்டுமானால் குழாயின் விட்டத்தைச் சற்றுக் கூட்டிச் சுவரைக் குறைப்பதே முறை. ஏ-ஆர்ம்களுக்கு 1.6 முதல் 2 மி.மீ. வரையான சுவர் எனக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அலுமினிய ஃபிரேம் கட்டித் தர முடியுமா என்றும் கேட்கிறார்கள். 2009-இல் வந்த ஒய்.எஃப்.இசட். 450ஆர் அலுமினிய ஃபிரேம் கொண்டதுதான். ஆனால் அது தொழிற்சாலையின் வேலை. 6061 போன்ற அலுமினியத்தை வெல்டு செய்தால், வெல்டின் அருகே உள்ள உலோகம் தன் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. அதை மீட்க முழு ஃபிரேமையும் சூளையில் வைத்து வெப்பப் பதப்படுத்த வேண்டும். சிறு பட்டறையில் அந்த வசதி இல்லாமல் செய்யப்படும் அலுமினிய ஃபிரேமில் நான் யாரையும் ஏற்றமாட்டேன்.

வெல்டிங்கில் எதைப் பார்க்க வேண்டும்?

வெல்டின் அழகை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் வெல்டுக்கு முன்னால் குழாய்களுக்கு இடையே இருந்த இடைவெளியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருத்திய பின்னரே டிக் (TIG) வெல்டிங் செய்ய வேண்டும். இடைவெளியை நிரப்புக்கம்பியால் அடைத்து மேலே அழகான வரி போட்டுவிட முடியும் என்பதால், முடிந்த வேலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். எண்ணெயும் செதிலும் நீங்கக் குழாயை உள்ளும் புறமும் துடைப்பதும், வெல்டு செய்த மூட்டைத் தண்ணீரிலோ காற்றடித்தோ குளிரவைக்காமல் தானாக ஆறவிடுவதும் கட்டாயம். வேகமாகக் குளிர்ந்த குரோமோலி கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறும்.

குரோம் முலாம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முலாம் பூசுவதற்கு முன் அமிலத்தில் தோய்க்கும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கவைக்கும் வாய்ப்பு உண்டு. வெளிர்நிறப் பவுடர் கோட்டிங் செய்யுங்கள். விரிசல் தோன்றினால் அதில் உடனே தெரியும்.

பம்ப் ஸ்டீர் என்பது என்ன? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் ஹேண்டில்பாரைத் திருப்பாமலேயே, சக்கரம் மேலே ஏறும்போதோ கீழே இறங்கும்போதோ தானாகத் திரும்பிக்கொள்வதுதான் பம்ப் ஸ்டீர். ஏ-ஆர்மின் நுனி ஒரு வட்டத்தின் வளைவில் நகர்கிறது. டை ராடின் நுனி வேறொரு வட்டத்தில் நகர்கிறது. இரண்டு வட்டங்களும் ஒத்துப்போகாவிட்டால், சக்கரம் ஏற ஏற டை ராட் அதை இழுக்கவோ தள்ளவோ செய்யும். டிராவல் குறைவாக உள்ள வண்டியில் இது சிறு குறை. லாங் டிராவலில் அதே குறை பெரிதாகி, குதித்து இறங்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்குப் போய்விடும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஷாக்கைக் கழற்றிவிடுங்கள். ஹேண்டில்பாரை நேராக வைத்து அசையாமல் கட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் (சக்கரம் பொருந்தும் நடுப்பாகத்தில்) ஒரு நேரான அலுமினியப் பட்டையை இறுக்கி, அதன் முன்முனைக்கும் பின்முனைக்கும் நேர் எதிரே தரையில் நிற்கும் பலகை ஒன்றிலிருந்து உள்ள தூரங்களை அளவுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கியால் ஹப்பை 2 செ.மீ., 2 செ.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அந்த இரண்டு தூரங்களின் வேறுபாட்டை எழுதிக்கொண்டே போனால், சக்கரம் எந்த இடத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பது ஒரு தாளில் வந்துவிடும். வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்திலிருந்து முழு அழுத்தம் வரை அந்த வேறுபாடு மாறாமல் இருக்கும்வரை நான் வேலையை முடித்ததாகக் கருதுவதில்லை. முழுத் தொங்கலின் கடைசி 3, 4 செ.மீ. தூரத்தில் சற்று மாறினால் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அப்போது சக்கரத்தின் மேல் பாரம் இல்லை.

சரிசெய்வதற்கு, டை ராடின் உள்முனையானது மேல், கீழ் ஏ-ஆர்ம் பிவட்டுகளை இணைக்கும் கோட்டுக்கு அருகிலும், வெளிமுனை இரண்டு பால் ஜாயின்டுகளை இணைக்கும் கோட்டுக்கு அதற்கு இணையான இடத்திலும் இருக்க வேண்டும். பிவட்டுகளை 5 செ.மீ. உள்ளே நகர்த்திவிட்டுப் பழைய ஸ்டீயரிங் தண்டையே வைத்துக்கொண்டால் இது நடக்காது. குறுகிய ஃபிரேமுக்கு டை ராட் பிடிமானங்கள் நெருக்கமாக உள்ள தனி ஸ்டீயரிங் தண்டு தேவைப்படுவது இதனால்தான். இந்தச் செலவைத் தவிர்க்க முயன்றவர்களின் வண்டிகள்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

உங்கள் எடையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஷாக் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஏ-ஆர்மின் நடுவில், சாய்வாகப் பொருந்தியிருக்கிறது. சக்கரம் 10 செ.மீ. நகரும்போது ஷாக் 5 செ.மீ. மட்டும் நகர்ந்தால் விகிதம் 0.5. சக்கரம் உணரும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை இந்த விகிதத்தின் இருமடியால் பெருக்கி வருவது. ஒரு மில்லிமீட்டர் அழுந்த 24 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், சக்கரத்தில் வெறும் 6 நியூட்டனாகத்தான் உணரப்படும். ஒரு முன்சக்கரத்தின் மேல் 480 நியூட்டன் பாரம், அதாவது சுமார் 49 கிலோ எடை அமர்ந்தால் வண்டி 80 மி.மீ. தாழும். அதே ஸ்பிரிங்கை, விகிதம் 0.45 உள்ள நீண்ட ஏ-ஆர்மில் பொருத்தினால் 99 மி.மீ. தாழும். பழைய ஸ்பிரிங்கோடு புது ஏ-ஆர்மைப் பொருத்தியவர்கள் "வண்டி முன்னால் விழுந்து கிடக்கிறது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

லாங் டிராவல் ஷாக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று ஸ்பிரிங்குகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா ஸ்பிரிங்குகளும் சேர்ந்து அழுந்தும்போது மொத்தம் மென்மையாக இருக்கும். சிறு கற்களையும் சிற்றலைகளையும் அது விழுங்கிவிடும். மென்மையான ஸ்பிரிங் ஒரு வளையத்தில் முட்டி நின்றபின் கடினமான ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும். அந்த வளையத்தின் இடத்தை மாற்றினால், எந்த ஆழத்தில் கடினமாக மாற வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். பலர் டேம்பிங் (ஷாக்கின் அசைவை எண்ணெயால் தடுத்து மெதுவாக்குவது) திருகுகளோடு போராடும் நேரத்தில் பாதியை இந்த வளையத்துக்குக் கொடுத்தால் பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

டேம்பிங்கில் வேகமான கம்ப்ரஷன் (ஷாக் அழுந்துவது), மெதுவான கம்ப்ரஷன் என்று இரண்டு இருப்பது வண்டியின் வேகத்தைக் குறிப்பதல்ல. ஷாக்கின் தண்டு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதையே அது குறிக்கிறது. வளைவில் வண்டி சாய்வதும், பிரேக் பிடிக்கும்போது முன்புறம் தாழ்வதும் மெதுவான அசைவுகள். கல்லில் மோதுவதும் தட்டையாக இறங்குவதும் வேகமானவை. ஒரு முறைக்கு ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ரீபவுண்டை (அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை) அதிகமாக இறுக்கிவிட்டால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் திரும்ப நீளுவதற்கு முன்பே அடுத்த அடி விழுந்து, ஷாக் படிப்படியாகத் தாழ்ந்து கடைசியில் டிராவலே இல்லாமல் போய்விடும். ஸ்பிரிங் மென்மையாக இருப்பதாக நினைத்து வருபவர்களில் சிலருக்கு உண்மையான சிக்கல் இதுதான்.

பின்பக்கத்தில் என்ன செய்ய வேண்டும்?

பின்புறம் இரண்டு சக்கரங்களும் ஒரே ஆக்சிலில், ஒரே ஸ்விங் ஆர்மில் (ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஊசலாடும் பின்கையில்) இருப்பதால் கணக்கு எளிது, வரம்புகள் கடுமை. தட்டையாக இறங்கி டயர் அமுங்கும்போதும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் தரையைத் தொடக்கூடாது. மோட்டோகிராஸுக்காகச் சிறிய பின் டயர்களைப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

செயினைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஞ்சினின் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், ஆக்சில் ஆகிய மூன்றின் மையங்களும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். டிராவல் கூடிய வண்டியில், ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் சரியாகத் தெரியும் தளர்வு அந்த இடத்தில் காணாமல் போய்விடலாம். ஷாக்கைக் கழற்றி, ஸ்விங் ஆர்மைக் கையால் அந்த நேர்கோடு வரும்வரை தூக்கிப் பிடித்து, அங்கே விரலால் செயினை அசைத்துப் பார்த்துத் தளர்வை வையுங்கள். பின்னர் வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது அது எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த முறை கழற்ற வேண்டியதில்லை.

லிங்கேஜ் (ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் நெம்பு அமைப்பு) இல்லாமல் ஷாக்கை நேரடியாக ஸ்விங் ஆர்மில் பொருத்தும் முறையும் உண்டு. பாகங்கள் குறைவு, பேரிங் பராமரிப்பு குறைவு. ஆனால் லிங்கேஜ் தரும் படிப்படியான கடினத்தை முழுவதும் ஷாக்கின் உள்ளேயே உருவாக்க வேண்டும் என்பதால், அந்த ஃபிரேமுக்கென்றே வால்வு அமைக்கப்பட்ட ஷாக் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

எனக்கு எவ்வளவு டிராவல் தேவை?

மோட்டோகிராஸுக்கு முன்புறம் 26 முதல் 30 செ.மீ. வரை போதும். மரங்களுக்கு இடையே ஓட்டுபவருக்கு அகலம் குறைவாக இருப்பதே முக்கியம், டிராவல் அடுத்தது. மணல்மேடுகளிலும் பாலைவனத்திலும் ஓட்டுபவர்கள்தான் அகலத்தையும் டிராவலையும் தாராளமாகக் கூட்டலாம். ஆனால் நெடுந்தூர ஓட்டத்தில் வெப்பமே முதல் எதிரி. எண்ணெய் சூடாகி மெலிந்தால் டேம்பிங் போய்விடும் என்பதால், பெரிய எண்ணெய்த் தொட்டியுள்ள ஷாக்குக்குத்தான் முதலில் பணத்தைக் கொடுப்பேன். நெடுந்தூரத்துக்குப் புதிதாகக் கட்டிய வண்டிதான் வேண்டும் என்பதில்லை: பாலைவன நெடுந்தூரப் போட்டியான டக்கார் பந்தயத்தில் 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் குவாட் பிரிவில் வென்ற பாத்ரொனெல்லி சகோதரர்கள், எல்லோரும் வாங்கக்கூடிய யமஹா ராப்டர் 700 வண்டியை அடிப்படையாகக் கொண்டுதான் ஓட்டினார்கள்.

லாங் டிராவல் வண்டி எளிதில் கவிழுமா?

உயரமாக அமைத்தால் கவிழும். முறையாகக் கட்டிய லாங் டிராவல் வண்டி, ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் பழைய வண்டியைப் போலவோ அதைவிடத் தாழ்வாகவோ நிற்க வேண்டும். மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது தாழ்ந்து அமர்வதே நான் தொடங்கும் இடம்.

கட்டி முடித்தபின் முதல் ஓட்டத்துக்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

எல்லா ஷாக்குகளிலிருந்தும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் பொருத்தி, சக்கரங்களோடு வண்டியைத் தரையில் முழுவதும் இறக்குங்கள். ஷாக்கின் ரப்பர் நிறுத்தி அழுந்திய நிலையில், ஃபிரேமின் அடிக்கும் தரைக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு செ.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பயன்படாத டிராவல் மிச்சம் இருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் ஷாக்குக்குப் பதில் ஃபிரேம் அடி வாங்கும். அந்த நிலையிலேயே ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் எதிலாவது உரசுகிறதா, டை ராட் ஃபிரேமில் முட்டுகிறதா என்று பாருங்கள். பின் வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் மீண்டும் திருப்பி, பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். பழைய ஹோஸ் பெரும்பாலும் எட்டாது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும்?

பந்தய ஓட்டமானால் 20 முதல் 30 மணி நேரத்துக்கு ஒருமுறை ஷாக் எண்ணெயை மாற்றி, நைட்ரஜன் அழுத்தத்தைச் சரிபார்க்கிறேன். பிவட் புஷ்களையும் (பிவட்டுக்குள் தேய்மானத்தைத் தாங்கும் வளையங்கள்) பால் ஜாயின்டுகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஃபிரேமைக் கழுவிய அன்று பார்ப்பதைவிட, கழுவி ஒருநாள் காயவிட்டுப் பாருங்கள். கோட்டிங்கின் அடியில் விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த தண்ணீர் காயும்போது வெல்டின் ஓரமாக மயிரிழை போன்ற ஒரு பழுப்புக்கோடு எழுந்து நிற்கும். மேல் ஷாக் பிடிமானங்கள், கீழ் ஏ-ஆர்ம் பிவட்டுகளின் பின்பக்கம், ஸ்விங் ஆர்ம் பிவட்டைச் சுற்றியுள்ள தகடுகள், கால் வைக்கும் பெக்குகளின் அடி ஆகியவற்றில்தான் அது முதலில் தோன்றும்.

பழைய தனி ஃபிரேம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வெறும் ஃபிரேமாகக் கழற்றிய நிலையில் பார்க்க முடிந்தால் மட்டும். ஸ்விங் ஆர்ம் பிவட்டின் வலது முனையிலிருந்து முன் இடது கீழ் பிவட்டுக்கும், இடது முனையிலிருந்து முன் வலது கீழ் பிவட்டுக்கும் உள்ள இரு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். வேறுபாடு 3 மி.மீ. தூரத்தைத் தாண்டினால் ஃபிரேம் எங்கோ அடிபட்டு முறுக்கியிருக்கிறது. புதிதாகப் பூசிய கோட்டிங்கை நம்ப வேண்டாம், அது விரிசலை மறைக்கும். எந்த ஆண்டின் எந்த எஞ்சினுக்காகக் கட்டப்பட்டது, எந்த நீள ஷாக்கை ஏற்கும், எந்த ஸ்டீயரிங் தண்டு வேண்டும் என்ற மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். அந்த ஃபிரேமோடு சேர்ந்தே செய்யப்பட்ட ஏ-ஆர்ம்களும் ஸ்டீயரிங் தண்டும் கூடவே கிடைக்காவிட்டால், குறைந்த விலைக்கு வாங்கிய ஃபிரேமுக்கு அவற்றைப் புதிதாகச் செய்யும் செலவு பெரும்பாலும் ஃபிரேமின் விலையையே தாண்டிவிடும்.